சொந்தக் கடுதாசி ஒன்று

நாவலடி மடத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் கடிதங்களுக்குப் பதில் போடுவார்கள். பதில் எழுதுவது சாமி என்று ஊர் நம்பியது. எழுதியது குற்றாலிங்கம்.

இதில் ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் சாமிக்குக் கண் மங்க ஆரம்பித்து, ஆறே மாதத்தில் சுத்தமாக இருட்டிவிட்டது. யாராவது கேட்டிருந்தால் சாமியே சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் சொல்லவில்லை.

குற்றாலிங்கம் உறையைக் கிழித்துக் கடிதத்தை வாசிப்பார். சாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். குருடான பிறகும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார், பழக்கம் அப்படி. முதல் வருஷம் சாமி சொல்லச் சொல்லக் குற்றாலிங்கம் எழுதினார். மறு வருஷம் பாதி சொன்னாலே போதும், மீதி தானாக வந்தது. அதற்கப்புறம் சாமி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"எழுதும்."

கையெழுத்துகூட அச்சு அசல் சாமியுடையதுதான். அதே வலப்பக்கச் சாய்வு, வரி முடிகிற இடத்தில் அதே சின்னச் சுழி. மடத்துத் தபால் அட்டையில் பெயர் போடுவதில்லை. அந்தச் சுழிதான் கையொப்பம்.

ஒரு தடவை ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் தனக்கு வந்த அட்டையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். "சாமி, இந்த எழுத்தைப் பாத்தாலே உங்க குரல் காதுல கேக்கு" என்று சொல்லி அழுதார். தூணுக்குப் பக்கத்தில் நின்ற குற்றாலிங்கத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நாம் எதற்காகப் பிறந்தோம் என்று கேட்டுக்கொண்டுதானே வந்தோம், இதற்காகத்தான் போலிருக்கிறது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டார்.

அவர் மடத்துக்கு முதலில் வந்தது சாமியைப் பார்க்க அல்ல, மோட்டாரைப் பார்க்க. தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் மக்கர் பண்ணியது. கிழக்கே விளாத்திகுளம் பக்கத்து மெக்கானிக் ஒருவர் வேலையாக இந்தப் பக்கம் வந்திருக்கிறார், கழற்றாமலே காதால் கேட்டு நோயைச் சொல்லிவிடுகிறாராம் என்று யாரோ சொல்ல, ஆள் அனுப்பிக் கூட்டி வந்தார்கள். மோட்டார் ஓடியது. குற்றாலிங்கம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சாமி முன்னால் உட்கார்ந்தார். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது. தாய் தகப்பன் இல்லை. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஒரே தங்கச்சி உலகம்மாளை வளர்த்துக் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டில் அடுப்பு எரிந்தால் எரியும், இல்லாவிட்டால் இல்லை.

"ஊர்ல உள்ள மோட்டார் எல்லாம் எதுக்கு ஓடுதுன்னு தெரியும் சாமி. நான் எதுக்கு ஓடுதேன்னுதான் தெரியல."

"நில்லும்" என்றார் சாமி. "நிக்க நிக்கத் தெரியும்."

அந்த ஒரு வார்த்தைக்கு அவர் நின்றுவிட்டார். ஊருக்குப் போய்ப் பட்டறையை ஒப்படைத்தார். தங்கச்சி வீட்டுக் கிணற்றில் ஏதோ அவசரத்துக்கு ஒரு ஒட்டுவேலை செய்து கொடுத்தார். பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சேர்ந்தவருக்குப் பன்னிரண்டு வருஷம் வீட்டிலிருந்து கடிதம் வரக்கூடாது, அவரும் போடக்கூடாது, ஊருக்கும் போகக்கூடாது. எப்படி இருக்கிறார் என்று விசாரிக்க வேண்டுமானால் சாமிக்குத்தான் எழுத வேண்டும்.

உலகம்மாள் சாமிக்கு எழுதினாள். வருஷத்துக்கு இரண்டு கடிதம், பொங்கலுக்கு ஒன்று, ஆடியில் ஒன்று. எங்க அண்ணன் எப்படி இருக்கு, வேளைக்குச் சாப்பிடுதா, வயித்து வலி வருதா. அந்த அண்ணனே அதைச் சத்தம் போட்டு வாசித்தார், குரல் ஆடாமல். சாமி "எழுதும்" என்பார். அண்ணனே பதிலும் எழுதினார். 'உன் அண்ணன் நலம். கவலையை இறக்கி வை.' வரி முடிவில் சுழி.

வாசித்து முடித்த பிறகு அந்தக் கடிதத்தை மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருப்பார். அதில் வேப்பம்புண்ணாக்கு வாசம் வரும். தங்கச்சி வீட்டில் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுவாள். அந்த வாசத்துக்காக அவர் ஏங்கினார் என்பதை அவரே ஒப்புக்கொள்ளமாட்டார். ஆனால் ஆடி பிறந்தால் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நிற்பார்.

பன்னிரண்டாம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு நாள் சாமி கூப்பிட்டார்.

"உத்திரத்தோட உமக்குப் பன்னிரண்டு முடியுதுல்லாவே?"

"ஆமா சாமி."

"எனக்கும் அறுபத்தொண்ணு ஆச்சு. உத்திரத்தன்னைக்கு அந்தப் பலகையில நீரு உக்காரும்."

நாவல் மரப் பலகை அது. மடத்துத் தலைவர் தவிர வேறு யாரும் அதில் உட்கார்ந்ததில்லை.

"ஆனா ஒண்ணு" என்றார் சாமி. "அதுக்கு முந்தி ஒரே ஒரு கடுதாசி உம்ம பேர்ல எழுதிக் கொண்டாரும். யாருக்குன்னாலும் சரி. எனக்கு வாசிச்சுக் காட்டும். அது உம்ம கடுதாசியா இருந்தா பலகை உமக்கு."

"இவ்வளவுதானா சாமி?"

"இவ்வளவுதான்."

குற்றாலிங்கம் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். பத்து வருஷத்தில் ஆயிரக்கணக்கில் எழுதியவருக்கு இது ஒரு காரியமா.

முதல் செவ்வாய், கடை நொடித்துப் போன ஒருவருக்கு எழுதி வந்து வாசித்தார். கலங்கின குளத்தை யாரும் கையை விட்டுத் தெளிய வைப்பதில்லை, கொஞ்சம் கரையில் உட்காருங்கள் என்று இருந்தது.

"நல்லா இருக்கு" என்றார் சாமி.

"அப்ப சரிதானா?"

"நான் எழுதுனாலும் இதையேதான் எழுதுவேன். வேற கொண்டாரும்."

இரண்டாம் செவ்வாய், வேண்டுமென்றே கடினமான சொற்களாகப் பொறுக்கிப் போட்டு ஒன்று எழுதினார். வாசிக்கும்போது அவருக்கே மூச்சு வாங்கியது. இதில் சாமி சாயல் கொஞ்சமும் இல்லை என்று தைரியமாக நிமிர்ந்தார்.

சாமி வாய்விட்டுச் சிரித்தார். "இது, என்னை மாதிரி இருந்துரக் கூடாதேன்னு பயந்துக்கிட்டு நான் எழுதுன கடுதாசி."

மூன்றாம் செவ்வாய், ஒன்றுமே எழுதாமல் வெறும் அட்டையை நீட்டினார். ரொம்ப யோசித்துக் கண்டுபிடித்த சூட்சுமம் அது. சாமி அட்டையை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார்.

"எழுத்தே இல்லையோ?"

"இல்ல சாமி."

"எங்க குரு பெரிய சாமி இந்தச் சேட்டையைப் பண்ணியாச்சுவே. தாசில்தார் ஒருத்தருக்கு வெறும் அட்டை அனுப்புனாரு. அவரு தபாலாபீஸ்ல போய்ச் சண்டை போட்டாரு."

குற்றாலிங்கம் தோட்டத்துக்குப் போய் நாவல் மரத்தடியில் உட்கார்ந்தார். விளையாட்டாக இருந்தது இப்போது பயமாகிவிட்டது. அந்த வெறும் அட்டையை மடியில் வைத்து, சும்மா தன் பெயரை எழுதிப் பார்த்தார். எழுத்து வலப்பக்கம் சாய்ந்தது. கடைசியில் கை தானாகச் சுழி போட்டது. நிமிர்த்தி எழுதிப் பார்த்தார். அது சாமி நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பட்டறைச் சுவரில் கரியால் தான் எழுதிய குண்டு குண்டான எழுத்து எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. ஐம்பது வயது மனுஷனுக்குத் தன் பெயர் எழுத வரவில்லையே என்று கண் கலங்கியது.

அந்த வாரம் உலகம்மாள் கடிதம் வந்தது. பொங்கலும் இல்லை, ஆடியும் இல்லை.

சாமி முன்னால் உட்கார்ந்து வாசித்தார். 'சாமிக்கு உலகம்மாள் கும்பிட்டு எழுதுவது. எங்க வீட்டுக்காரக தவறிய பிறகு வயக்காட்டை நான்தான் பாக்கேன். கெணத்துல தண்ணி கெடக்கு. ஆனா மோட்டார் ரெண்டு நிமிஷம் எடுத்துட்டு அப்புறம் சும்மா ஓடுது. மூணு மெக்கானிக் பாத்தாச்சு. வால்வு மாத்தியாச்சு. புது மோட்டார் வாங்கு, இல்ல கெணத்தை ஆழமாக்குன்னு சொல்லுதாங்க. மகன் வயலை வித்துட்டுத் திருப்பூருக்கு வான்னு சொல்லுதான். எனக்கு மனசு இல்ல. சாமி ஒரு வார்த்தை சொல்லணும்.'

மச்சான் தவறியது போன ஆடிக் கடிதத்திலேயே வந்த செய்தி. அதற்கும் அவர் சாமியாகத்தான் ஆறுதல் எழுதியிருந்தார்.

"எழுதும்" என்றார் சாமி.

குற்றாலிங்கம் அட்டையை எடுத்தார். இரண்டு நிமிஷம் எடுத்துவிட்டு நிற்கிறது என்றால் எங்கோ காற்று இழுக்கிறது. அது அவர் கைக்குத் தெரிந்துவிட்டது. விரல் துடித்தது. ஆனால் இது சாமியின் கடிதம். சாமிக்கு மோட்டாரைப் பற்றி என்ன தெரியும்? சாமி எப்படி வால்வையும் பைப்பையும் பற்றி எழுதுவார்? பத்து வருஷத்தில் ஒரு தடவைகூட அட்டையில் தப்பான குரல் கேட்டதில்லை. தன் தங்கச்சிக்காக அந்தச் சுத்தத்தைக் கெடுப்பதா என்று நினைத்தார். அது ஒரு பெரிய தியாகம் என்றுகூட நினைத்துக்கொண்டார்.

எழுதினார். 'அவசரப்படாதே அம்மா. நில். நிற்க நிற்கத் தெரியும்.' சுழி போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டார்.

மறு கடிதம் வந்தபோது உத்திரத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. முற்றத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பலகையைக் கழுவி வெயிலில் காய வைத்திருந்தார்கள். குற்றாலிங்கம் இன்னும் அந்த ஒரு கடிதத்தை எழுதவில்லை. சாமியும் அதைப் பற்றிப் பேசவில்லை.

"யாரு எழுதிருக்கா?" என்றார் சாமி.

"உலகம்மா."

"வாசியும்."

'சாமிக்கு உலகம்மாள் கும்பிட்டு எழுதுவது. சாமி சொன்னபடி நின்னு பாத்தேன். ஒண்ணும் தெரியல. பயிரு காஞ்சு போச்சு. வயலைப் பேசி முடிச்சாச்சு. உத்திரத்துக்கு மறுநா காலைல பத்திரம். சாமி மேல ஒரு குறையும் இல்ல. சாமி கடுதாசி நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எங்க அண்ணன் இருந்திருந்தா...'

குற்றாலிங்கம் நிறுத்திவிட்டார்.

"மேல வாசியும்வே."

"முடியல சாமி."

"முடியாட்டாலும் வாசியும்."

'எங்க அண்ணன் இருந்திருந்தா, முதல்ல மோட்டார் என்ன சத்தம் போடுதுன்னு கேட்டிருக்கும். யாருமே அதைக் கேக்கல. எழைப்பு வந்தவுக மூச்சு இழுக்குத மாதிரி ஒரு சத்தம் போடுது. அண்ணன்ட்ட இதைச் சொல்லக் கூடாதுன்னு மடத்துல சட்டம் இருந்தா சொல்ல வேண்டாம்.'

பந்தல்காரர்கள் கயிற்றை இழுத்துக் கட்டுகிற சத்தம் கேட்டது. குற்றாலிங்கம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சாமி அழ விட்டார்.

பிறகு கேட்டார். "அந்தச் சத்தம் என்னதுவே?"

"காத்து இழுக்கு சாமி. மோட்டார்ல இல்ல, வால்வுலயும் இல்ல. கெணத்துக்குள்ள பைப்பு வளையுத இடத்துல ஒரு கல்லு நிக்கும். அதுக்குப் பின்னாடி நான்தான் ஒரு துண்டுப் பைப்பு வச்சு ஒட்டுப் போட்டேன், சணலைச் சுத்தி. இங்க வாரதுக்கு முந்துன நாளு. 'இது தாங்காது உலகம்மா, அடுத்த வருசம் வந்து மாத்தித் தாரேன்'னு சொல்லிட்டு வந்தேன், இங்க உள்ள சட்டம் தெரியாம. சணல் இத்துப் போயிருக்கும். மேல காரை பூசியிருக்கு, அதனால எந்த மெக்கானிக்குக்கும் தெரியாது. காலைல உள்ள எறங்கினா மத்தியானத்துக்குள்ள முடிச்சிரலாம். மோட்டார் கல்லு மாதிரி இருக்கும். அதைப் போய் மாத்தச் சொல்லிருக்கானுவ, கூறுகெட்ட பயலுவ."

கடைசி வார்த்தை வாயிலிருந்து வந்த பிறகுதான் குற்றாலிங்கத்துக்குச் சுதாரிப்பு வந்தது. சாமி முன்னால் இப்படி அவர் பேசியதே இல்லை.

சாமி முகத்தைத் திருப்பி, காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"போன கடுதாசி வந்தப்பவே இது தெரியுமா?"

"காத்து இழுக்குன்னு தெரியும்."

"பின்ன ஏன் எழுதல?"

"அது நீங்க எழுதுத கடுதாசில்லா சாமி. நீங்க எப்படி மோட்டாரைப் பத்தி எழுதுவிய?"

அந்தக் கேள்வி சாமிக்கு எங்கோ பட்டுவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

"உமக்குப் பின்னால ஒரு தகரப்பெட்டி இருக்கும். திறந்து, உள்ள உள்ளதை வாசியும்."

பெட்டியில் பழைய அட்டைகள் இருந்தன. குற்றாலிங்கம் ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். கரையில் உட்காருங்கள். கவலையை இறக்கி வையுங்கள். நில்லும், நிற்க நிற்கத் தெரியும். எல்லாவற்றிலும் அதே சாய்வு, அதே சுழி.

"யாரு எழுதுனது?" என்றார் சாமி.

"நீங்க எழுதுனது சாமி."

"தேதியைப் பாரும்."

பார்த்தார். நாற்பது வருஷத்துக்கு முந்திய தேதி. சாமி மடத்துக்கு வந்தே முப்பத்தொரு வருஷம்தான் ஆகிறது.

"அவ்வளவும் பெரிய சாமி எழுதுனது. அவரு காலமானப்ப ஜனங்க கொண்டாந்து குடுத்துட்டுப் போனாங்க."

குற்றாலிங்கம் கையிலிருந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். நில்லும். இந்த வார்த்தைக்குத்தான் அவர் பன்னிரண்டு வருஷம் நின்றிருந்தார்.

"அப்ப அன்னைக்கு என்கிட்ட சொன்னது?"

"அதுவும் அவரு சொன்னதுதான். எனக்குப் பதில் தெரியல. தெரியாதுன்னு சொல்லப் பயமா இருந்துச்சு." சாமி கையை நீட்டி அந்த அட்டையை வாங்கிக்கொண்டார். "இங்க வாரதுக்கு முந்தி நான் என்ன செஞ்சேன், தெரியுமா?"

"தெரியாது சாமி."

"நாடகத்துல பபூன்."

குற்றாலிங்கம் நிமிர்ந்தார்.

"ஒரு கண்ணுல மை, ஒரு கண்ணுல சுண்ணாம்பு. நான் மேடைக்கு வந்து ஒரு தும்மல் போட்டா ஊரே சிரிக்கும். ஒருநா எழவு வீட்டுக்காரி ஒருத்தி வந்திருந்தா. புள்ளையைப் பறிகுடுத்து நாலு மாசமா வாயே திறக்காதவ. அவ சிரிச்சா. சிரிச்சிட்டு ஓன்னு அழுதா. நம்மட்ட என்னமோ இருக்கு போலன்னு எனக்குப் பயம் வந்து, அது என்னன்னு கேக்கத்தான் பெரிய சாமிட்ட வந்தேன். இங்க வந்து, அவரை மாதிரியே உக்காரப் படிச்சேன். அவரை மாதிரியே எழுதப் படிச்சேன். எல்லாரும் அப்படியே பெரிய சாமி, அப்படியே பெரிய சாமின்னாங்க. பலகையைக் குடுத்தாங்க. முப்பத்தொரு வருசத்துல ஒருத்தரையும் சிரிக்க வைக்கலவே நான்."

அதைச் சொல்லும்போது சாமியின் குரலில் இருந்த ஏக்கம் குற்றாலிங்கத்தின் நெஞ்சை அறுத்தது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் இந்தச் சத்தம் தன் காதில் விழவில்லையே என்று நினைத்தார்.

"உலகம்மாளுக்கு இன்னைக்கே கடுதாசி போட்டுருதேன் சாமி."

"போய்ச் சேர எத்தனை நாளு?"

"நாலு நாளு."

"பத்திரம் என்னைக்கு?"

"மூணு நாள்ல, உத்திரத்துக்கு மறுநா காலைல."

"பஸ்ஸு?"

"மூணு பஸ்ஸு மாறணும். விடியக்கால ஏறினா சாயங்காலம் போய்ச் சேரலாம்." சொல்லிவிட்டு, குற்றாலிங்கம் மனசுக்குள் நாளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். நாளைக்குப் புறப்பட்டால் உத்திரத்தன்று காலையில் கிணற்றுக்குள் இருக்க வேண்டும். உத்திரம் முடிந்து புறப்படவும் வழியில்லை. பலகையில் உட்கார்ந்தவர் ஒரு மண்டலம் மடத்து எல்லையைத் தாண்டக் கூடாது. அந்தக் காலத்தில் மடத்திலும் போன் கிடையாது, உலகம்மாள் ஊரிலும் கிடையாது.

"பன்னிரண்டு வருசம் முடிய இன்னும் ரெண்டு நாளு இருக்கே சாமி."

"அந்த ரெண்டு நாளை உமக்குப் பதிலா நான் இருந்துக்கிடுதேன்."

"நான் இன்னும் அந்தக் கடுதாசியை எழுதலையே."

"நேர்ல போற ஆளுக்கு எதுக்குவே கடுதாசி?"

மறுநாள் விடிந்தபோது குற்றாலிங்கம் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். சாமி திருநீற்றுப் பைக்குப் பக்கத்திலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து நீட்டினார். குற்றாலிங்கம் அவிழ்த்துப் பார்த்தார். அவருடைய ஸ்பேனர்கள். மடத்தில் சேர்ந்த அன்று ஒப்படைத்தவை. பன்னிரண்டு வருஷத்தில் இரும்பு பொடிந்து போயிருக்க வேண்டும். ஒரு பொட்டுத் துரு இல்லை. விரலில் எண்ணெய் ஒட்டியது.

"சாமி, இதுக்கு யாரு எண்ணெய் போட்டா?"

"வருசா வருசம் சரஸ்வதி பூசைக்கு நான்தான் போட்டேன். கண்ணு இல்லாட்டா என்ன, கை இருக்குல்லா."

"எதுக்கு சாமி?"

"என் பபூன் தொப்பியைப் பெரிய சாமி அன்னைக்கே அடுப்புல போட்டுட்டாரு. நல்ல எண்ணத்துலதான் போட்டாரு." சாமி மூட்டையை அவர் கையோடு சேர்த்து அழுத்தினார். "பஸ்ஸு போயிரும், கெளம்பும்."

குற்றாலிங்கம் விழுந்து கும்பிட்டார். எழுந்தவருக்குப் போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. முற்றத்தில் சாத்தியிருந்த பலகை அவர் கண்ணில் பட்டது. பத்து வருஷம் ஆசைப்பட்ட பலகை அது.

"நாளைக்கு வார ஜனத்துக்கு என்ன சொல்லுவிய சாமி? பலகைல ஆள் இல்லன்னா ஏமாந்து போவாங்களே."

சாமி மூக்கைச் சுளித்தார். தோளைக் குலுக்கினார். உதட்டை ஒரு பக்கமாக இழுத்து, தும்மல் வருவது போலவும் வராதது போலவும் ஒரு நிமிஷம் தவித்து, கடைசியில் முற்றமே அதிரும்படி ஒரு தும்மல் போட்டார். பந்தல் கம்பில் இருந்த காகம் பறந்தது. முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குற்றாலிங்கமும் அழுகையோடு சிரித்துவிட்டார்.

"இன்னும் இருக்குவே" என்றார் சாமி, யாரிடமோ ரகசியம் சொல்வது போல. "நாளைக்கு வாரவங்களை நான் பாத்துக்கிடுதேன்."

குற்றாலிங்கம் வாசல்படி வரை போனார். மூட்டையில் ஸ்பேனர்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. பிறகு திரும்பினார்.

"வேலை முடிஞ்சு நான் திரும்பி வந்தா, அந்தப் பலகை எனக்கு உண்டா சாமி?"

சாமி கண்ணை மூடிக்கொண்டார்.

"வந்து வாசல்ல நின்னு ஒரு சத்தம் குடும். வந்திருக்கது யாருன்னு கேட்டுட்டுச் சொல்லுதேன்."